அந்தக் கை யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செய்திப் படங்களைப் பற்றியவை. போர்கள் கூடிவிட்டதால் இருக்கலாம், நாள் முழுக்கப் போனில் படம் பார்ப்பதாலும் இருக்கலாம். சினிமா, கிரிக்கெட் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேமரா பொய் சொல்லாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கேமரா சொல்லாது. அதைப் பிடித்திருப்பவர், படத்தை வெட்டுகிறவர், அதற்குக் கீழே இரண்டு வரி எழுதுகிறவர், இவர்களுக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

கேள்வி: 2003-ல் சதாம் உசேன் சிலையை மக்கள் கூடி இடித்ததை டிவியில் பார்த்துக் கண்கலங்கியவன் நான். அது வெறும் நாடகம் என்று இப்போது என் மகன் சொல்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: அவர் சொல்வதும் பாதி சரி, நீங்கள் பார்த்ததும் பாதி சரி. 2003 ஏப்ரல் 9, பாக்தாத், ஃபிர்தோஸ் சதுக்கம். சிலை இருந்தது, விழுந்தது, சந்தோஷத்தில் ஆடிய ஈராக்கியர்களும் இருந்தார்கள். ஒரு பளுதூக்கும் வீரர் சம்மட்டியோடு வந்து பீடத்தைப் போட்டு அடித்தார், அது நிஜமான ஆத்திரம், யாரும் அவருக்கு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் சம்மட்டிக்குப் பீடத்தின் மேல்பகுதி பெயர்ந்ததே தவிர சிலை அசையவில்லை. அசைத்தது அமெரிக்க மரீன் படையின் எம்88 வண்டி. பழுதான டாங்குகளை இழுத்துப் போவதற்கென்றே இருக்கும் கிரேன் வைத்த கனரக வாகனம் அது. சிலையின் கழுத்தில் சங்கிலி மாட்ட மேலே ஏறியவர்களில் ஒருவர் போகிறபோக்கில் சதாமின் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்திவிட்டார். விடுதலை தர வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். சீக்கிரமே அது அகற்றப்பட்டு ஈராக்கியக் கொடி வந்தது.

இப்போது சிலையை விட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்ப்போம். சதுக்கத்துக்கு நேர் பக்கத்தில் பாலஸ்தீன் ஹோட்டல். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் பெருங்கூட்டமாகத் தங்கியிருந்த இடம். (முந்தைய நாள்தான் அமெரிக்க டாங்கு ஒன்று அந்த ஹோட்டலைச் சுட்டதில் இரண்டு கேமராக்காரர்கள் இறந்தார்கள். சிலை விழுந்த சத்தத்தில் அது அமுங்கிப்போனது.) அந்தச் சிலைக்கு ஒன்றும் பெரிய சரித்திரம் கிடையாது, சதாமின் 65-வது பிறந்தநாளுக்காக 2002-ல்தான் வைத்தார்கள். அதன் ஒரே விசேஷம், கேமராக்கள் மாடிப்படி இறங்கி வந்தால் போதும் என்ற தூரத்தில் நின்றது. உயரத்திலிருந்து எடுத்த படங்களைப் பாருங்கள், சதுக்கத்தின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது. சிலையைச் சுற்றி ஒரு கொத்து மனிதர்கள், அதிலும் பத்திரிகைக்காரர்களும் படைவீரர்களும் கணிசம். டிவியில் திரும்பத் திரும்ப வந்ததோ நெருக்கத்தில் எடுத்த காட்சி. ஃப்ரேம் முழுக்கத் தலைகள் தெரிந்தால் ஃப்ரேமுக்கு வெளியேயும் தலைகள்தான் இருக்கும் என்று மூளை தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும், அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நகரின் மற்ற இடங்களில் அப்போதும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கே போர் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நாமெல்லாம் தூங்கப் போனோம். அமெரிக்கப் படை அங்கிருந்து கிளம்பியது 2011 டிசம்பரில்.

இவ்வளவிலும் போலிப் படம் ஒன்றுகூடக் கிடையாது, கவனித்தீர்களா? உங்கள் மகனிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: போட்டோஷாப் வந்த பிறகுதானே இந்தப் பித்தலாட்டமெல்லாம்?

பதில்: போட்டோஷாப்புக்குத் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. 1855-ல் கிரிமியப் போருக்குப் போன பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இரண்டு படம் எடுத்தார். ஒன்றில் பாதை வெறுமையாக இருக்கிறது, பீரங்கிக் குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கின்றன. இன்னொன்றில் பாதையெங்கும் குண்டுகள். எது முதலில் எடுத்தது, குண்டுகளை நகர்த்தியது யார் என்று இன்னமும் ஆட்கள் நிழலின் நீளத்தை அளந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கடிகாரக் கதை. 1945 மே 2, பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடியை ஏற்றும் புகழ்பெற்ற படம். எடுத்தவர் யெவ்கேனி கல்தேய். மேஜை விரிப்புத் துணியில் கொடியைத் தைத்து வாங்கி, கையோடு கொண்டுபோய், ஆட்களை நிற்கவைத்து எடுத்தவர். கொடி பிடித்திருப்பவரைக் கீழிருந்து தாங்கும் வீரரின் இரண்டு மணிக்கட்டிலும் ஏதோ மின்னியது. ஆளுக்கு இரண்டு கடிகாரம் எதற்கு, ஒன்று சுட்டதாக இருக்குமோ என்று பார்க்கிறவர் நினைத்துவிடக்கூடாதே என்று பிரசுரத்துக்கு முன்னால் ஒன்றைச் சுரண்டி எடுத்தார்கள். கூடவே வானத்தில் கொஞ்சம் புகையும் அதிகமானது. பெர்லின் விழுந்தது பொய்யா? இல்லை. செம்படை அங்கே போனது பொய்யா? அதுவும் இல்லை. நடந்த ஒன்றை, நடந்ததைவிட நன்றாக நடந்தது போலக் காட்ட ஆசை, அவ்வளவுதான்.

2006-ல் லெபனான் போரின்போது ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்குப் படம் அனுப்பிய ஒருவர் செய்ததும் இதே ஆசையில்தான். பெய்ரூட்டில் குண்டு விழுந்தது நிஜம், புகையும் நிஜம், அவருக்குத்தான் புகை போதவில்லை. ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல ஒரே சுருள் வரிசையாக வந்ததை வாசகர்களே கண்டுபிடித்தார்கள். ராய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களையும் மொத்தமாக விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. 2008 ஜூலையில் ஈரான் விட்ட ஏவுகணைகளில் ஒன்றை நகலெடுத்து மூன்றை நான்காக்கிய படம் உலகத்தின் பல பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அனுப்பியது ஈரானியப் புரட்சிக் காவல் படையின் ஊடகப் பிரிவு. போர் நடத்துகிறவர்களிடமிருந்தே படத்தை வாங்கிப் போட்டால் இதுதான் நடக்கும்.

கேள்வி: ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொரு நாடும் வேறு மாதிரி காட்ட முடியுமா?

பதில்: 2018 ஜூன், கனடாவில் ஜி7 மாநாடு. ஜெர்மனி வெளியிட்ட படத்தில் மெர்க்கல் இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்கிறார், எதிரே டிரம்ப் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்டிக்கப்படும் பையனைப் போல உட்கார்ந்திருக்கிறார். ஆஹா, ஐரோப்பாவின் இரும்புப் பெண்மணி என்றார்கள். மற்ற சில நாடுகளும் அதே கூட்டத்தில் தங்கள் ஆட்கள் எடுத்த படங்களைப் போட்டன. கோணம் மாற மாறக் கதாநாயகரும் மாறினார். பிரான்ஸ் தரப்புப் படத்தில் பேசுவது மக்ரோன். டிரம்ப் ஆதரவாளர்களுக்கோ ஜெர்மனியின் படமே போதுமாக இருந்தது: பாருங்கள், அத்தனை பேரும் நெருக்கியும் மனிதர் மசியவில்லை! ஒரு படம், இரண்டு கைதட்டல்.

கேள்வி: படத்தைவிட அதற்குக் கீழே எழுதுவதுதான் ஆபத்து என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். விளக்க முடியுமா?

பதில்: 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸில் இடுப்புக்கு மேல் வெள்ளம். கையில் சாமானோடு தண்ணீரில் நடக்கும் கறுப்பின இளைஞர் படத்துக்கு ஒரு செய்தி ஏஜென்சி, மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருகிறார் என்று எழுதியது. அதே தண்ணீர், அதே மாதிரி சாமான், வெள்ளைக்கார ஜோடி. இன்னொரு ஏஜென்சி அவர்கள் கடையிலிருந்து ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்து' வருவதாக எழுதியது. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், தாங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினோம் என்றார்கள். இருக்கட்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களின் வயிறு எரிந்தது அவர்கள் விளக்கத்தால் அணையவில்லை.

நம் மொழியிலும் இந்தச் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. கொல்லப்பட்டனர், பலியாகினர், உயிரிழந்தனர், மாண்டனர். நான்கும் ஒன்றுதான் என்று தோன்றும், ஆனால் முதல் சொல் மட்டும்தான் கொன்றது யார் என்று திருப்பிக் கேட்கத் தூண்டும். உலகச் செய்திப் பக்கத்தை ஒரு வாரம் பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். எந்த நாட்டுக்காரர்கள் 'கொல்லப்படுகிறார்கள்', எந்த நாட்டுக்காரர்கள் சும்மா 'உயிரிழக்கிறார்கள்' என்று வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். 'மருத்துவமனை மீது குண்டு விழுந்தது' என்று எழுதுகிறார்கள். தானாக விழ அது என்ன பனம்பழமா? அப்புறம் இந்தப் போராளி, கிளர்ச்சியாளர், தீவிரவாதி, பயங்கரவாதி. ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, எந்த நாட்டு ஏஜென்சி செய்தியை மொழிபெயர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பட்டம் மாறும்.

கேள்வி: மேற்கத்திய ஊடகங்கள் எல்லாமே ஒருதலைப்பட்சம்தானே?

பதில்: சார்பு இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? 2022 பிப்ரவரியில் உக்ரைன் தலைநகர் கீவிலிருந்து நேரலையில் பேசிய ஓர் அமெரிக்க டிவி நிருபர், இது ஈராக்கோ ஆப்கானிஸ்தானோ போன்ற இடமல்ல, ஓரளவு நாகரிகமான, ஓரளவு ஐரோப்பிய நகரம் என்ற பொருளில் பேசிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். வாய் தவறியது என்பார்கள். மனதில் இருப்பதுதான் வாயில் தவறும். படங்களிலும் அப்படித்தான். போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் சவப்பெட்டிகள் டோவர் விமானப்படைத் தளத்துக்கு வந்து இறங்குவதைப் படம் எடுக்க 1991 முதல் 2009 வரை அமெரிக்காவில் தடை இருந்தது. குடும்பங்களின் அந்தரங்கத்தைக் காக்க என்று காரணம் சொன்னார்கள், நியாயமான காரணம்தான். அதே 18 வருஷத்தில் ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் செத்துக்கிடந்த எத்தனை பேரின் முகத்தை, பெயர்கூடப் போடாமல், முதல் பக்கத்தில் பார்த்தோம்? நம் வீட்டுப் பிணத்துக்கு மரியாதை, அடுத்த வீட்டுப் பிணத்துக்கு குளோஸப்.

ஆனால் இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் நேராக எதிர்வீட்டுக்குக் குடிபோய்விடுகிறது. ரஷ்ய அரசின் ஆர்டி, சீன அரசின் சிஜிடிஎன், கத்தார் அரசின் பணத்தில் நடக்கும் அல் ஜசீரா என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, உண்மை இங்கேதான் கிடைக்கிறது என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மற்ற இடத்தில் கிடைக்காத படம் கிடைக்கும், அது நிஜம், நானும் பார்க்கிறேன். ஆனால் ஒரு சேனல் எந்த நாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் அது சம்பளம் போடுகிற நாடாக இருக்கும்.

கேள்வி: இவ்வளவு தெரிந்த பிறகு எதையுமே நம்பாமல் இருந்துவிடுவது புத்திசாலித்தனம் இல்லையா?

பதில்: இல்லை. கொன்றவர்களுக்கு அதைவிட நல்ல பரிசு கிடைக்காது.

2012 மே மாதம் சிரியாவின் ஹூலாவில் நடந்த படுகொலையை எடுத்துக்கொள்ளுங்கள். 108 பேர், அதில் 49 குழந்தைகள் என்று ஐ.நா. சொன்னது. பிபிசி இணையதளம் அந்தச் செய்தியோடு ஒரு படத்தைப் போட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிய உடல்கள் வரிசை வரிசையாக, நடுவில் ஒரு சிறுவன் தாண்டிக் குதிக்கிறான். எடுத்தவரே அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஏனென்றால் அது அவர் 2003-ல் ஈராக்கில், பாக்தாத்துக்குத் தெற்கே எடுத்த படம். பிபிசி எடுத்துவிட்டது. ஆனால் பாருங்கள், படம் தப்பு என்று ஆனதும் படுகொலையே கட்டுக்கதை என்று சொல்வதற்குச் சிரிய அரசின் ஆதரவாளர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. தவறான படத்தால் உண்மையான பிணங்கள் இரண்டாவது முறை காணாமல் போயின.

2017 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையிலேயே இது நடந்தது. பாகிஸ்தான் தூதர் மலீஹா லோதி, முகமெங்கும் காயத்தோடு ஒரு பெண்ணின் படத்தை உயர்த்திப் பிடித்து, இதுதான் காஷ்மீரில் இந்தியாவின் முகம் என்றார். படம் 2014-ல் காஸாவில் எடுத்தது. இந்தியத் தரப்புக்குக் கொண்டாட்டம், பதிலுக்கு அவர்கள் வேறொரு படத்தோடு வந்தார்கள். இந்த ஆரவாரத்தில் மறைந்தது என்ன? காஷ்மீரில் பெல்லட் குண்டுகளால் கண் இழந்தவர்கள் நிஜமாகவே இருந்தார்கள், அவர்களின் நிஜப் படங்களும் இருந்தன. அவற்றைத் தேட ஐந்து நிமிஷம் செலவழிக்க அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை.

கேள்வி: வியட்நாம் போரில், சைகோனில் ஜெனரல் ஒருவர் கைதியின் தலையில் சுடும் படத்தை எடுத்தவரே பின்னால் வருந்தினாராமே?

பதில்: எட்டி ஆடம்ஸ். 1968 பிப்ரவரி 1 அன்று எடுத்தது, புலிட்சர் பரிசு வாங்கியது. கைதி ஏற்கெனவே கொலைகள் செய்தவன் என்றும், படம் பாதி உண்மையை மட்டும் சொன்னது என்றும், அந்த ஜெனரலைத் தன் கேமரா கொன்றுவிட்டது என்றும் ஆடம்ஸ் எழுதினார். ஜெனரல் பின்னாளில் அமெரிக்காவில் உணவகம் நடத்தினார், அங்கேயும் அந்தப் படம் அவரை விடவில்லை. பின்னணி தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. கை கட்டப்பட்ட ஆளை, விசாரணை இல்லாமல், நடுத்தெருவில் சுட்டதுதான் படத்தில் இருக்கிறது, நடந்ததும் அதுதான். மிச்சப் பாதி தெரிந்தால் இந்தப் பாதி மாறிவிடுமா? 'பின்னணி' என்ற சொல் சில நேரம் வெள்ளையடிக்கும் மட்டையாகவும் பயன்படுகிறது.

கேள்வி: ஊடகச் சார்புக்கு நீங்கள் பார்த்ததிலேயே மோசமான படம் எது?

பதில்: எடுக்கப்படாத படம்.

2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. பணியாளர்களை வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான செய்தியாளர்களுக்கு அனுமதி இல்லை. 2009 மே வரை முள்ளிவாய்க்கால் நோக்கிச் சுருங்கிக்கொண்டே போன நிலத்தில் நடந்ததை உலகம் பார்த்தது எப்படி? உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எடுத்து அனுப்பியவை, செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த எறிகணைக் குழிகள், அப்புறம் படையினரே வெற்றிச் சின்னமாக போனில் எடுத்து வைத்துக்கொண்ட காட்சிகள். புலிகள் தரப்பிலிருந்து வந்ததைப் பிரசாரம் என்று ஒதுக்கினார்கள், அரசுத் தரப்பிலிருந்து வந்ததை அரசே தேர்ந்தெடுத்து அனுப்பியது. 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை நிராகரிக்க முடியாது என்று ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு சொன்னது 2011-ல். ஒரு சிலைக்கு ஒரு ஹோட்டல் நிறையக் கேமரா, இங்கே இத்தனை ஆயிரம் பேருக்கு வெளியிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இது பழங்கதை ஆகவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தாமாகப் போக இஸ்ரேல் விடவில்லை, போனால் ராணுவத்தின் கூடப் போக வேண்டும், அது காட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு வருகிற படங்களை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுப்பவர்கள் அங்கேயே வாழும் பாலஸ்தீனர்கள். அவர்களும் அதே பசியில், அதே குண்டுக்கு அடியில்தான் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படத்தை நியூயார்க் டைம்ஸ் போட்டது, குழந்தைக்கு முன்பே வேறு உடல்நலக் குறைவும் இருந்தது என்று பிறகு ஒரு குறிப்புச் சேர்த்தது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது பிழை. அந்த ஒரு குறிப்பைக் கொடி போலப் பிடித்துக்கொண்டு பட்டினியே கிடையாது என்று ஊர்வலம் போனவர்கள் செய்தது பிழைக்கும் மேலே. கேமராக்களை உள்ளே விடுங்கள், பட்டினி இருக்கிறதா இல்லையா என்று அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

சூடானைப் பற்றி யாருமே கேள்வி அனுப்பவில்லை. 2023 ஏப்ரலிலிருந்து போர். 2025 அக்டோபரில் அல் ஃபஷீர் நகரம் விழுந்தபோது ஆய்வாளர்கள் வானத்திலிருந்து எடுத்த படங்களில் தரையின் செம்மை நிறத் திட்டுகளைப் பார்த்து, கீழே நடந்ததை ஊகிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ஏஐ வந்துவிட்டது. இனி என்ன ஆகும்?

பதில்: ஏற்கெனவே ஆகிக்கொண்டிருக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் பக்கத்தில் குண்டு வெடித்ததாக ஒரு போலிப் படம் வந்து, அமெரிக்கப் பங்குச்சந்தை கொஞ்ச நேரம் சறுக்கியது. ஆனால் எனக்கு அதைவிடக் கவலை மறுபக்கத்தில். 2024 ஆகஸ்டில் கமலா ஹாரிஸுக்கு டெட்ராய்ட் விமான நிலையத்தில் கூடிய கூட்டம் ஏஐ வேலை என்றார் டிரம்ப். நிஜமான கூட்டம், ஆயிரக்கணக்கானோர் கண்ணால் பார்த்தது. போலியை நிஜம் என்று நம்பவைக்க உழைக்க வேண்டும், நிஜத்தைப் போலி என்று சொல்ல ஒரு வரி போதும்.

கேள்வி: சந்தேகமான படம் வந்தால் சாதாரண ஆள் என்ன செய்வது?

பதில்: கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், பழைய படம் என்றால் பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும். கூட்டம் நெருக்கமாகத் தெரிந்தால் தூரத்திலிருந்து எடுக்கும் டெலி லென்ஸாக இருக்குமோ என்று யோசியுங்கள், தள்ளித் தள்ளி நிற்பவர்களையும் அது ஒட்டி நிற்க வைத்துவிடும். ரத்தம் கொதிக்கிறதா? ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்.

கேள்வி: ஊரையெல்லாம் குறை சொல்கிறீர்களே, நீங்களும் பத்திரிகைக்காரர்தானே? நீங்கள் செய்ததே இல்லையா?

பதில்: செய்திருக்கிறேன். பல வருஷம் முன்னால், ஒரு பத்திரிகையில் இரவு ஷிஃப்ட். ஏதோ இரண்டு நாட்டுக்கு நடுவே சமரசப் பேச்சு, இரு தலைவர்களும் கைகுலுக்கும் ஏஜென்சி படம், மூன்று பத்தி அகலத்துக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. பதினொரு மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, கீழே ஒரு விளம்பரம் சேர்ந்திருக்கிறது, இடம் வேண்டும் என்றார். மூன்று பத்தி இரண்டானது. வலது ஓரத்தில் நின்றிருந்த மூன்றாவது ஆளை வெட்டினேன். கேப்ஷனும் ஒரு வரி குறைந்தது. சார்பு, சதி, கொள்கை எதுவும் கிடையாது, எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அழகான கையெழுத்து. 'ஐயா, படத்தில் இடது பக்கத் தலைவரின் தோளில் ஒரு கை இருக்கிறது. இரண்டு தலைவர்களின் கைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். இந்தக் கை யாருடையது?' பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை, அதற்கு ஆளே இல்லை. பழைய ஏஜென்சித் தாளைத் தேடி எடுத்தேன். பேச்சுவார்த்தையை முன்நின்று நடத்தியவர் அவர், பெயரும் பதவியும் தெளிவாக இருந்தது, நான் குறைத்த அந்த ஒரு வரியில். போஸ்ட் கார்டை மேஜை டிராயரில் வைத்தேன், பதில் போடவில்லை.